ரோலான் காரோஸின் விமானத்தைச் செய்தது யார்? மொரான்-சோல்னியே பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

சேன் தெனி டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் புதுச்சேரிக்காரி. ரீயூனியன் என்ற பிரெஞ்சுத் தீவுக்கு வந்து 11 வருடம் ஆகிறது. சேன் தெனியில் சனிக்கிழமைதோறும் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். 17 பிள்ளைகள், 9 வயதிலிருந்து 14 வயது வரை. வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சு, என்னிடம் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தமிழ்.

சித்திரைப் புத்தாண்டுக்கு மண்டபத்தில் "எங்கள் தீவு" என்று ஒரு கண்காட்சி வைக்கிறோம். பிள்ளைகளே தமிழில் எழுதி, படம் வரைந்து ஒட்டுவார்கள். ஒரு குழு எரிமலையை எடுத்துக்கொண்டது, ஒரு குழு கரும்பை. மூன்று பையன்களும் ஒரு பெண்ணும் ரோலான் காரோஸை எடுத்துக்கொண்டார்கள். அவர்களை பராஷுவா கடற்கரைக்குக் கூட்டிப்போய் அவர் சிலையைக் காட்டினேன். 1888 அக்டோபர் 6 இதே ஊரில் பிறந்தவர், 1913-இல் மத்தியதரைக் கடலை முதன்முதலில் நிற்காமல் பறந்து கடந்தவர், நம் விமான நிலையத்துக்கும் பாரிசில் டென்னிஸ் மைதானத்துக்கும் அவர் பெயர்தான் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

அப்போது அந்தப் பெண் கேட்டாள், "டீச்சர், அந்த விமானத்தை அவரே செஞ்சாரா?" எனக்குப் பதில் தெரியவில்லை. தேடியதில் மொரான்-சோல்னியே என்ற கம்பெனியின் பெயர் கிடைத்தது. பெயருக்கு மேல் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி தமிழில் எதுவும் அகப்படவில்லை.

இன்னொரு பையனின் கேள்வி இதைவிடக் கஷ்டம். முதல் உலகப் போரில் அவர் விமானத்தின் மூக்கில் சுழலும் விசிறிக்கு நடுவே துப்பாக்கி சுட்டார் என்று எங்கோ படித்திருக்கிறான். "குண்டு விசிறியில பட்டா உடையாதா?" என்கிறான். விவரம் தெரிந்தவர்கள் எழுதினால் பிள்ளைகளுக்கு அப்படியே வாசித்துக் காட்டுவேன். பாடப்புத்தகத் தமிழ் வேண்டாம், பேசுகிற மாதிரி எழுதினாலே போதும்.


சொல்தா மகன் எழுதியது:

டீச்சர், வணக்கம். நான் காரைக்கால். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் ஊரில் எங்கள் வீட்டுக்கு சொல்தா வீடு என்றுதான் பெயர். நானும் பிரெஞ்சு வான்படையில் சேர்ந்து, ரோஷ்ஃபோரில் மெக்கானிக் பயிற்சி முடித்து, கடைசியில் இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தவன். மொரான்-சோல்னியே விமானங்களைக் கையால் தொட்டு வேலை செய்திருக்கிறேன். அந்தப் பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்ததே சந்தோஷமாக இருக்கிறது.

முதல் கேள்விக்குப் பதில்: இல்லை, காரோஸ் செய்யவில்லை. லெயோன் மொரான், ரொபேர் மொரான் என்ற அண்ணன் தம்பிகளும் ரேமோன் சோல்னியே என்ற எஞ்சினியரும் சேர்ந்து, 1911 அக்டோபரில் பாரிசை ஒட்டிய புத்தோ என்ற ஊரில் தொடங்கிய கம்பெனி செய்தது.

மூன்று பேருமே அதற்கு முன்னால் பெயர் எடுத்தவர்கள்தான். 1909 ஜூலை 25 அன்று லூயி பிளேரியோ இங்கிலீஷ் கால்வாயைக் கடந்தாரே, அந்த பிளேரியோ 11 விமானத்தின் வடிவமைப்பில் சோல்னியேவுக்குப் பங்கு உண்டு. லெயோன் மொரான் 1910 ஜூலையில் ரான்ஸ் நகரத்துப் போட்டியில் மணிக்கு 106 கிலோமீட்டர் பறந்து காட்டினார். மனிதன் விமானத்தில் 100-ஐத் தாண்டியது அதுதான் முதல் முறை. கம்பெனி தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பு, காப்ரியேல் பொரெல் என்பவரோடு சேர்ந்து மொரான்-பொரெல் என்று ஒரு விமானம் செய்திருந்தார்கள். 1911 பாரிஸ்-மத்ரித் பந்தயத்தில் ஷூல் வெத்ரீன் அதில்தான் ஜெயித்தார்.

அந்தக் காலத்தில் பல பேர் இரட்டைச் சிறகு விமானம்தான் செய்தார்கள். மேலே ஒரு சிறகு, கீழே ஒரு சிறகு, நடுவில் குச்சிகளும் கம்பிகளும், பார்த்தால் பறவைக்கூண்டு மாதிரி இருக்கும். மொரான்-சோல்னியே ஒற்றைச் சிறகைப் பிடித்துக்கொண்டது. மரச்சட்டம், மேலே துணி, துணி விறைப்பாக நிற்க அதன்மேல் வார்னிஷ் பூச்சு. சும்மா நிற்கும்போது பார்த்தால் தட்டான்பூச்சிதான். 1912-இல் வந்த ஜி மாடலில் இரண்டு பேர் உட்காரலாம், அடுத்து வந்த எச் மாடல் ஒருவருக்கு மட்டும். எடை குறைவு, அதனால் வேகம்.

அதை ஓட்டுவது சாதாரண விஷயமில்லை. இன்றைக்கு விமானத்தைச் சாய்க்க வேண்டுமானால் சிறகின் பின்விளிம்பில் எய்லரான் என்ற சின்னப் பலகை மேலும் கீழும் அசையும். அந்த விமானங்களில் எய்லரான் கிடையாது. கம்பியை இழுத்துச் சிறகையே முறுக்குவார்கள். பிள்ளைகளுக்கு இதைக் காட்ட ஒரு தீப்பெட்டி போதும். உள்பெட்டியை எடுத்துவிட்டு, வெளிக்கூட்டை இரண்டு கையாலும் இரண்டு முனையில் பிடித்து, ஈரத்துணி பிழிகிற மாதிரி எதிரெதிராகத் திருப்பச் சொல்லுங்கள். ஒரு முனை மேலே பார்க்கும், மறுமுனை கீழே பார்க்கும். சிறகும் அப்படித்தான் முறுகும். வாலிலும் நிலையான பலகை எதுவும் இல்லை, கிடைமட்ட வால் மொத்தமும் அசையும். நிலையான பலகை இருந்தால் அது விமானத்தைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தும். இதில் பிடிப்பே இல்லை. விமானி ஒரு நிமிஷம் கையை எடுத்தால் மூக்கு தன்னிஷ்டத்துக்குப் போய்விடும்.

இப்போது 1913 செப்டம்பர் 23-ஐ நினைத்துப் பாருங்கள். காலை 5:47-க்கு பிரான்சின் தெற்குக் கரையில் பிரெஜூஸிலிருந்து மொரான்-சோல்னியே ஒற்றைச் சிறகு விமானத்தில் காரோஸ் கிளம்புகிறார். மதியம் 1:40-க்குத் துனீசியாவில் பிசெர்த்தில் இறங்குகிறார். 7 மணி 53 நிமிடம், சுமார் 780 கிலோமீட்டர். மணிக்குச் சராசரி 99 கிலோமீட்டர் வருகிறது. கீழே முழுக்கக் கடல், வழியில் எஞ்சின் இரண்டு தடவை கோளாறு செய்தது. கிளம்பும்போது 200 லிட்டர் பெட்ரோல் இருந்தது, இறங்கும்போது மிச்சம் 5 லிட்டர். மணிக்கு 25 லிட்டர் குடிக்கிற எஞ்சினுக்கு 5 லிட்டர் என்றால் 12 நிமிஷம். கிட்டத்தட்ட எட்டு மணி நேரம், கையை எடுக்க முடியாத விமானத்தில் தனியாளாக உட்கார்ந்திருக்கிறார். நான் மெக்கானிக். விமானியைப் புகழ்வதைவிட அந்த எஞ்சினைத் தயார் செய்துகொடுத்தவனைத்தான் முதலில் நினைப்பேன். ஆனால் இந்த ஒரு நாளைக்கு இருவருக்கும் சேர்த்தே கும்பிடு போட வேண்டும்.

அடுத்து, பையனின் கேள்வி. நல்ல கேள்வி, அவனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். குண்டு பட்டால் விசிறி உடையும். மரவிசிறிதானே. போர் தொடங்கும் முன்பே, 1914-இல், சோல்னியே இதற்கு ஒரு வழி செய்து பார்த்தார். விசிறி இலை துப்பாக்கி முனைக்கு நேரே வரும்போது துப்பாக்கி சுடாமல் நிற்கும்படி, எஞ்சினையும் துப்பாக்கியையும் இணைக்கும் ஒரு அமைப்பு. யோசனை சரிதான். கெடுத்தது தோட்டா. அந்த இயந்திரத் துப்பாக்கியின் தோட்டாக்களில் சில, அடித்த உடனே வெடிக்காமல் ஒரு கண்ணிமைப்பொழுது தாமதித்து வெடித்தன.

ஒரு கண்ணிமைப்பொழுதில் என்ன ஆகிவிடும் என்று பையன் கேட்பான். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். விசிறி நிமிஷத்துக்கு 1,200 சுற்று சுற்றினால் ஒரு விநாடிக்கு 20 சுற்று. ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் அது 72 பாகை திரும்பிவிடும். வெற்றிடம் என்று நினைத்துச் சுட்ட இடத்தில் இலை வந்து நிற்கும்.

அதனால் சோல்னியே ஒரு மாற்றுவழி வைத்திருந்தார். விசிறி இலையில் குண்டு படும் இடத்தில் ஒரு எஃகு ஆப்பு. குண்டு அதில் பட்டால் பக்கவாட்டில் தெறித்துப்போகும். போர் வந்ததும் காரோஸ் இந்த ஆப்பைக் கையில் எடுத்தார். அவருடைய மெக்கானிக் ஷூல் யூ, இலையை அந்த இடத்தில் ஒடுக்கி, ஆப்பைச் சீராக்கிப் பொருத்தினார். எல் மாடல் விமானத்தில் மாட்டினார்கள். அதில் சிறகு விமானியின் தலைக்கு மேலே குடை மாதிரி நிற்கும், பாராசோல் என்று பிரெஞ்சில் பெயரும் அதுவேதான். 1915 ஏப்ரல் 1 அன்று அந்த விமானத்திலிருந்து முதல் எதிரி விமானத்தை வீழ்த்தினார். அதே மாதம் 15-ஆம் தேதியும் 18-ஆம் தேதியும் இன்னும் இரண்டு.

கண்காட்சியில் "காரோஸ் கண்டுபிடித்தார்" என்று மட்டும் எழுத வேண்டாம், டீச்சர். சோல்னியே யோசித்தார், ஷூல் யூ இழைத்துப் பொருத்தினார், காரோஸ் உயிரைப் பணயம் வைத்துச் சோதித்தார். மூன்று பேர் பெயரும் இருக்கட்டும்.


லெ போர் தம்பி எழுதியது:

வணக்கம். நான் ரீயூனியனில் பிறந்த மல்பார், அதாவது தமிழ் வம்சத்துக்காரன். கோயில் வகுப்பில்தான் தமிழ் படித்தேன். பிழை இருந்தால் மன்னிக்கவும்.

ஒரு சந்தேகம். பழைய விமான எஞ்சினுக்குத் தாந்தான் எண்ணெய் ஊற்றினார்கள் என்று ஒருவர் சொன்னார். இங்கே வேலி ஓரம் தானாக முளைக்குமே, சிவப்புத் தண்டு, முள் முள்ளான காய், அந்தத் தாந்தான். சின்ன வயதில் பாட்டி எங்களுக்கு மாதம் ஒரு தடவை ஒரு கரண்டி கொடுத்து வயிற்றைச் சுத்தம் செய்வார். அதைக் குடித்த நாள் முழுக்க வீட்டை விட்டு வெளியே போக முடியாது. அதை எஞ்சினுக்கு ஊற்றினார்கள் என்றால் நம்பவே முடியவில்லை. உண்மையா ஐயா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாட்டியின் அப்பா சேந்த் மாரி பக்கம் கரும்பு வெட்டியவர். தீவுக்கு முதல் விமானம் வந்த அன்று கத்தியைக் கரும்பிலேயே குத்தி வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தாராம். பாட்டி இதைப் பல தடவை சொல்லியிருக்கிறார். அந்த விமானமும் காரோஸின் கம்பெனியுடையதா?


சொல்தா மகன் எழுதியது:

தம்பி, உன் தமிழில் ஒரு குறையும் இல்லை. தாந்தான் என்று நீ சொல்வது நம் ஆமணக்கு. அந்த எண்ணெய் விளக்கெண்ணெய். காரைக்காலில் என் அம்மாவும் அதே கரண்டியோடுதான் வருவார்.

உண்மைதான், ஊற்றினார்கள். காரோஸின் விமானத்தில் இருந்தது க்னோம் எஞ்சின். அந்த வகை எஞ்சினில் ஒரு விசேஷம். எஞ்சினின் நடு அச்சான கிராங்க் ஷாஃப்ட் விமானத்தோடு பூட்டப்பட்டு அசையாமல் நிற்கும். சிலிண்டர்கள் எல்லாம் விசிறியோடு சேர்ந்து சுற்றும். எஞ்சினே சுற்றுவதால் காற்று எல்லாப் பக்கமும் பட்டுக் குளிர்ந்துகொள்ளும், தண்ணீர் தொட்டி வேண்டாம், எடை மிச்சம். ஆனால் பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவி, எஞ்சினின் நடு வயிறு வழியாகத்தான் சிலிண்டருக்குப் போக வேண்டும். அங்கே கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கிற சாதாரண எஞ்சின் ஆயில் இருந்தால் பெட்ரோல் அதைக் கரைத்து நீர்த்துப்போகச் செய்துவிடும். விளக்கெண்ணெய் பெட்ரோலில் சுலபமாகக் கரையாது, சூட்டிலும் வழவழப்பு குறையாது. அதனால்தான் அது.

சுற்றிய எண்ணெய் திரும்பத் தொட்டிக்கு வராது. எரிந்ததும் எரியாததுமாகப் புகையோடு வெளியே வீசப்படும். விமானியின் முகம், கண்ணாடி, சட்டை எல்லாம் எண்ணெய்தான். மூச்சிலும் போகும், வாயிலும் போகும். உன் பாட்டி கொடுத்த கரண்டி வயிற்றில் செய்த வேலையை அதுவும் செய்தது என்று அந்தக் கால விமானிகளே சொல்லியிருக்கிறார்கள்.

ரோஷ்ஃபோரில் படிக்கும்போது பழைய சுழல் எஞ்சின் ஒன்றைப் பிரித்து மாட்டிய ஒரு கிழவரோடு அரை நாள் இருந்திருக்கிறேன். எண்ணெய் ஊற்றிப் பல வருடம் ஆன எஞ்சின். சிலிண்டர் அடிப்பக்கத்தில் தேன் நிறத்தில் அரக்கு மாதிரி கெட்டியாகப் படிந்திருந்தது. விளக்கெண்ணெய் காய்ந்தால் அப்படித்தான் ஆகும். அவர் மரக்கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார், இரும்பு வைத்தால் கீறல் விழும் என்று. நான் மூக்கருகில் வைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரி வாசனை. காரைக்காலை விட்டு வந்து அப்போது ஏழு மாதம். அந்த வாசனையை இன்றைக்கும் மறக்கவில்லை.

உன் பாட்டியின் அப்பா பார்த்த விமானம் மொரான்-சோல்னியே இல்லை, தம்பி. அது ஃபார்மான் 192. இன்னொரு பழைய பிரெஞ்சுக் கம்பெனி. 1929 நவம்பர் 26 அன்று கூலெத், மார்ஷெஸ்ஸோ, பூர்ழுவா என்ற மூன்று பேர் அதில் வந்து இறங்கினார்கள். ஆனால் ஒரு சொந்தம் உண்டு. அந்த ஃபார்மானில் இருந்த சால்ம்சோன் 230 குதிரைத்திறன் எஞ்சினேதான் அதே 1929-இல் வந்த மொரான்-சோல்னியே 230 என்ற பயிற்சி விமானத்திலும். அதில் சிலிண்டர்கள் நட்சத்திரம் மாதிரி நிற்கும், சுற்றாது. அந்த விமானம் ஆயிரத்துக்கும் மேல் செய்தார்கள். பாட்டி சொன்னதை எழுதி வை. தேதியோடு எழுது.


போர்ட் லூயி வாசகர் எழுதியது:

மொரிஷியஸிலிருந்து எழுதுகிறேன். சொல்தா மகன் ஐயா எழுதியதை ரசித்துப் படித்தேன். ஒன்றைச் சேர்க்க ஆசை. விசிறிக்கு நடுவே சுடும் இணைப்பு அமைப்புக்கு சோல்னியேவுக்கு முன்பே, 1913-இல், ஜெர்மனியில் ஃபிரான்ஸ் ஷ்னைடர் என்பவர் காப்புரிமை எடுத்திருக்கிறார். ஒரே நேரத்தில் பல தலைகளில் ஓடிய யோசனை அது. ஆக "முதலில் யோசித்தவர் சோல்னியே" என்று எழுதாமல் "ஆப்பைப் போட்டு முதலில் பறக்க வைத்தவர்கள் இவர்கள்" என்று எழுதினால் சரியாக இருக்கும்.

அந்தக் குடைச் சிறகு எல் மாடலுக்கு இன்னொரு பெருமையும் இருக்கிறது. 1915 ஜூன் 7 அன்று பெல்ஜியத்தில் கென்ட் நகரத்துக்கு மேலே, எல்.இசட் 37 என்ற ஜெர்மன் செப்பலினை, அதாவது வாயு நிரப்பிய ஆகாயக் கப்பலை, ரெஜினால்ட் வார்ன்ஃபோர்ட் என்ற ஆங்கிலேய விமானி அந்த விமானத்திலிருந்துதான் அழித்தார். வானத்தில் வைத்து ஒரு விமானம் அழித்த முதல் செப்பலின். அதற்கு மேலே ஏறிப் பறந்து குண்டுகளைப் போட்டார். வெடித்த வேகத்தில் அவர் விமானமே குப்புறக் கவிழ்ந்து, எஞ்சின் நின்று, எதிரி நிலத்தில் இருட்டில் இறங்கி, பெட்ரோல் குழாயைத் தானே சரி செய்துகொண்டு திரும்பப் பறந்தார். பத்தே நாளில் வேறொரு விபத்தில் இறந்தும் போனார். அவர் பிறந்தது நம் டார்ஜிலிங்கில்.

சிறகை முறுக்குவதற்குத் தமிழில் "சிறகு முறுக்கல்" என்று எழுதிவிடலாம் டீச்சர். தீப்பெட்டியைக் காட்டிவிட்டுச் சொன்னால் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் மறக்காது.


சேன் தெனி டீச்சர் எழுதியது:

எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று வகுப்பில் வாசித்துக் காட்டினேன். 17 பிள்ளைகளும் தீப்பெட்டி கேட்டார்கள், மண்டபத்துப் பூசாரியிடம் போய் மூன்று வாங்கி வந்தோம். 72 பாகையைக் கரும்பலகையில் வரைந்தபோது அந்தப் பையன் எழுந்து வந்து சாக்பீஸை வாங்கி, இலை எங்கே வரும் என்று அவனே குறித்தான்.

இப்போது அந்தப் பெண்ணுக்கு அடுத்த கேள்வி. காரோஸுக்கு அப்புறம் என்ன ஆயிற்று? அந்தக் கம்பெனி இன்னும் இருக்கிறதா? ஐயா, நேரம் இருந்தால் எழுதுங்கள்.


சொல்தா மகன் எழுதியது:

டீச்சர், நேரத்துக்கு என்ன குறை. பேரப்பிள்ளைகள் தூங்கின பிறகு எழுதுகிறேன்.

மூன்றாவது வெற்றி பெற்ற அதே 1915 ஏப்ரல் 18 அன்று காரோஸ் ஜெர்மன் பக்கத்தில் இறங்க வேண்டியதாகிவிட்டது. விமானத்துக்குத் தீ வைக்கப் பார்த்தார், முழுதாக எரியவில்லை. ஆப்பு வைத்த விசிறி ஜெர்மானியர் கையில் சிக்கியது. அதை, ஜெர்மானியருக்கு விமானம் செய்துகொடுத்த அந்தோனி ஃபொக்கரிடம் காட்டினார்கள். சில வாரத்தில் ஃபொக்கரின் ஆட்கள் ஆப்பு இல்லாமல், சோல்னியே முதலில் நினைத்த மாதிரியே எஞ்சினும் துப்பாக்கியும் இணைந்த அமைப்பைப் பறக்கவிட்டார்கள். அதை எந்த விமானத்தில் மாட்டினார்கள் தெரியுமா? ஃபொக்கரின் ஒற்றைச் சிறகு விமானத்தில். அந்த விமானமே மொரான்-சோல்னியே எச் மாடலைப் பார்த்துச் செய்ததுதான். மரச்சட்டத்துக்குப் பதில் எஃகுக் குழாய், அவ்வளவுதான் பெரிய மாற்றம். அதே சிறகு முறுக்கல், அதே மொத்தமாக அசையும் வால். 1915 கடைசியில் பிரெஞ்சு விமானிகளைச் சுட்டு வீழ்த்திய விமானம், புத்தோ பட்டறையின் சாயலில் வந்தது. இதை முதலில் படித்தபோது எனக்கு மனசு கனத்துவிட்டது.

காரோஸ் கிட்டத்தட்ட மூன்று வருடம் சிறையில். 1918 பிப்ரவரியில் தப்பி வந்தார். ஓய்வு எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னவர்கள் உண்டு, கேட்கவில்லை. அந்த வருடம் அக்டோபர் 5 அன்று ஸ்பாட் விமானத்தில் சண்டையிடும்போது வீழ்த்தப்பட்டு இறந்தார். மறுநாள் அவருக்கு 30 வயது நிறைந்திருக்கும். போர் முடிய ஐந்து வாரம் மிச்சம். பிள்ளைகளிடம் இன்னொன்றும் சொல்லலாம். அவர் இந்தத் தீவில் பிறந்தாலும் நாலைந்து வயதிலேயே குடும்பம் சைகோனுக்குப் போய்விட்டது, அப்பா அங்கே வக்கீல். அந்தச் சைகோனில் அப்போது புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் எத்தனையோ பேர் வேலையில் இருந்தார்கள். என் பாட்டனார் சைகோன் போனது அதற்கு ரொம்பப் பிறகு. ஆனாலும் அந்தச் சின்னப் பையன் தெருவில் தமிழ்க் குரல் கேட்டிருப்பான் என்று நினைத்துக்கொள்வேன்.

கம்பெனிக்கு வருகிறேன். 1914-இல் வந்த "என்" (N) மாடல், மூக்கில் பெரிய கூம்பு மூடி வைத்து வழுவழுவென்று இருந்தது. ஆங்கிலேயர்கள் புல்லட் என்றார்கள். மூடி காற்றை அடைத்ததால் எஞ்சின் சூடானது, பிறகு மூடியைக் கழற்றிவிட்டுப் பறந்தார்கள். நடுவில் வந்த பல மாடல்களை விட்டுவிடுகிறேன்.

1935-இல் பறந்த 405, அதிலிருந்து வந்த 406 சண்டை விமானம், இதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஆயிரத்துக்கும் மேல் செய்தார்கள். 1940-இல் பிரான்சிடம் எண்ணிக்கையில் அதிகம் இருந்த சண்டை விமானம் அதுதான். ஜெர்மானியரின் மெஸ்ஸர்ஷ்மிட்டை விட வேகம் குறைவு, அதனால் நிறைய பேர் செத்தார்கள், அதை மறைக்க வேண்டாம். ஆனால் அதன் துப்பாக்கியைப் பாருங்கள். இஸ்பானோ-சுய்ஸா எஞ்சினில் சிலிண்டர்கள் இரண்டு வரிசையாக வி மாதிரி இருக்கும். அந்த இரண்டு வரிசைக்கு நடுவில் 20 மில்லிமீட்டர் பீரங்கியைப் படுக்கவைத்து, குழலை விசிறியின் நடுத்துளை வழியாகவே வெளியே விட்டார்கள். விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும், குண்டு அதன் தொப்புள் வழியாகப் போகும். இலையில் பட வழியே இல்லை. ஆப்பு வைத்த விசிறிக்கும் இதற்கும் நடுவில் 20 வருடம். உங்கள் பையனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், எழுந்து நிற்பான்.

பிரான்ஸ் தோற்றதும் அதே புத்தோ பட்டறையில் ஜெர்மானியர் தங்கள் ஃபீசலர் ஷ்டோர்ஷ் விமானத்தைச் செய்ய வைத்தார்கள். விடுதலைக்கு அப்புறமும் அதை நிறுத்தவில்லை, மொரான்-சோல்னியே 500 என்ற பெயரில் பிரெஞ்சுப் படைக்கே தொடர்ந்து செய்தார்கள்.

நான் சேர்ந்த காலத்தில் வான்படையில் 760 பாரிஸ் இருந்தது. 1954-இல் முதலில் பறந்த நாலு பேர் ஜெட். இரண்டு மார்போரே எஞ்சின். கதவு கிடையாது. மேல்கண்ணாடி பின்னால் நகரும், பக்கத்தில் கால் வைத்து ஏறி உள்ளே இறங்க வேண்டும். தரையோடு தரையாக நிற்கும் குட்டி விமானம். எஞ்சின் கிளப்பினால் காதைத் துளைக்கிற விசில். மழைநாளில் ஜெனரல் ஒருவர் சீருடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஏறும்போது, அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்தது நான்.

கடைசியில் ராலி என்ற குட்டி விமானம். 1959-இல் வந்தது, 3,000-க்கும் மேல் செய்தார்கள். இங்கே தீவுக்கு வந்த பிறகு ஒரு கிளப்பின் ராலியைப் பல வருடம் பார்த்துக்கொண்டேன். 100 குதிரைத்திறன் எஞ்சின். அதன் சிறகின் முன்விளிம்பில் நீளமாக ஒரு அலுமினியத் தகடு உருளைகளில் நிற்கும். வேகம் குறைந்தால் காற்றின் இழுப்பில் தானாக முன்னால் நகர்ந்து வரும், வேகம் கூடினால் தானாக உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். மோட்டார் கிடையாது, கம்பி கிடையாது. தரையில் நிற்கும்போது உள்ளங்கையால் தள்ளினால் "டக்" என்று போய் உட்காரும். உப்புக்காற்றில் அந்த உருளைகள் இறுகும். அதனால் வாரம் ஒரு தடவை துடைத்து, லேசாக எண்ணெய் தொட்டு, கையால் இழுத்துத் தள்ளிப் பார்ப்பேன். ஒரு பக்கம் வந்து மறுபக்கம் வராமல் நின்றால் இறங்கும்போது விமானம் சாயும். காரோஸ் காலத்தில் கையை எடுக்க முடியாத விமானம் செய்த அதே கம்பெனி, புதிதாகக் கற்பவன் தவறு செய்தாலும் தாங்கிக்கொள்கிற விமானத்தைச் செய்து முடித்திருக்கிறது. எனக்கு 406-ஐ விட இதுதான் பெரிது.

1960-களில் கம்பெனி பொத்தேஸ் என்ற இன்னொரு விமானக் கம்பெனியின் கைக்குப் போய், பிறகு அரசின் சுய்த் அவியாசியோன் கைக்கு வந்து, 1966-இல் சொகாத்தா என்று பெயர் மாறியது. பட்டறை பிரனே மலையடியில் தார்ப் நகரத்தில். இன்றைக்கு டாஹெர் என்ற பெயரில் அங்கே டி.பி.எம் விமானங்கள் செய்கிறார்கள். மொரான்-சோல்னியே என்ற பலகைதான் இல்லை.

ராலியின் முன்விளிம்புத் தகட்டில் ஒரு முழத் துண்டு என்னிடம் இருக்கிறது, உருளையோடு. பழுதானதைக் கழற்றி எறியும்போது கேட்டு வாங்கி வைத்தது. சனிக்கிழமை எத்தனை மணிக்கு வகுப்பு என்று எழுதுங்கள், கொண்டு வருகிறேன். கொல்லையில் ஆமணக்கும் காய்த்திருக்கிறது, ஒரு கொத்து பறித்து வருகிறேன். காயைப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், விதை விஷம்.